ஏழு ஆட்டம் போதுமா? உலக இளையோர் ஐஸ் ஹாக்கியும் ரசிகர்களின் கணிப்பும்

கனடாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி முதல் வாரம்வரை வீட்டுத் தொலைக்காட்சிகளைப் பிடித்துக்கொள்ளும் ஆட்டத்தை ஆடுபவர்கள், பெரும்பாலும் இன்னும் சம்பளம் வாங்கத் தொடங்காத பையன்கள். இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான உலக ஐஸ் ஹாக்கிப் போட்டி 1977 முதல் அதிகாரபூர்வமாக நடக்கிறது. டி.எஸ்.என். அலைவரிசை 1991இல் அதை ஒளிபரப்பத் தொடங்கியபின் கனடாவில் அது ஆண்டிறுதி விடுமுறையின் பிரிக்க முடியாத பகுதியாகிவிட்டது. ரசிகர்கள் அதை இரண்டு எண்ணங்களோடு பார்க்கிறார்கள். நாடு வெல்ல வேண்டும் என்பது ஒன்று. தங்கள் கிளப் எடுத்து வைத்திருக்கும், அல்லது அடுத்து எடுக்கக்கூடிய பையன் எப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவது எண்ணத்தைப் பற்றியது.

நம் ஊரில் ஹாக்கி என்றால் செயற்கைப் புல்தரையில் அணிக்குப் பதினொரு பேர் ஆடுவது. 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தபோது, 'இவர்களில் யார் நாளைய இந்திய அணிக்குப் போவார்?' என்று இங்கும் பேசிக்கொண்டார்கள். இங்கே பேசப்போவது பனித்தரையில் அணிக்கு ஆறு பேர் ஆடும் ஆட்டம். அங்கே அந்தக் கேள்விக்குப் பல பத்தாண்டுகளின் விடைத்தாள் கையில் இருக்கிறது. எந்தப் பையனை ரசிகர்கள் கொண்டாடினார்கள், அவர் பிறகு என்ன ஆனார் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தக் கணிப்புகள் எங்கே பலித்தன, எங்கே தவறின, எந்த வகைக் கவனிப்பை நம்பலாம் என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

போட்டியின் அமைப்பு

பத்து நாடுகள், ஐந்து ஐந்தாக இரண்டு பிரிவுகள். பிரிவில் நான்கு ஆட்டங்கள், பிறகு காலிறுதி, அரையிறுதி, இறுதி. கோப்பை வெல்லும் அணிகூட ஏழு ஆட்டங்களுக்கு மேல் ஆடாது. காலிறுதியில் தோற்றால் ஐந்தோடு முடிந்தது. ஓர் ஆட்டம் அறுபது நிமிடம். முதல் வரிசை ஆட்டக்காரர் அதில் இருபது நிமிடம் பனியில் இருப்பார். நான்காம் வரிசையில் இருப்பவருக்கு ஏழெட்டு நிமிடம் கிடைத்தால் அதிகம்.

இந்த அணிகளில் மூன்று வகையினர் கலந்திருப்பார்கள். வட அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லில் 32 கிளப்கள். அவை ஆண்டுதோறும், வழக்கமாக ஜூனில், 'டிராஃப்ட்' என்ற ஆள்தேர்வில் முறை வைத்து ஏழு சுற்றுகளில் இளைஞர்களை எடுத்துக்கொள்கின்றன. செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைபவர்கள் அதற்குத் தகுதி பெறுவார்கள். ஆகவே உலக இளையோர் போட்டியில் இன்னும் எடுக்கப்படாத 17 வயதுக்காரரும், போன ஜூனில் எடுக்கப்பட்ட 18 வயதுக்காரரும், எடுக்கப்பட்டு ஓரிரு ஆண்டு ஆகிவிட்ட 19 வயதுக்காரரும் ஒரே சட்டையில் ஆடுவார்கள். எண்ணிக்கையில் 19 வயதினரே மிகுதி. அவர்களுக்கான போட்டி இது என்று அங்கே சொல்வதுண்டு.

வராதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். என்.எச்.எல்.லில் ஏற்கனவே இடம் பிடித்துவிட்ட 18, 19 வயதினரைக் கிளப்கள் பொதுவாக விடுவதில்லை. 2004–05 பருவத்தில் உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்குமான தகராறில் அந்த லீகே முடங்கியபோது எல்லோரும் வர முடிந்தது. அந்த ஆண்டு கனடா 41 கோல் அடித்து 7 மட்டுமே விட்டுக்கொடுத்தது. 2022 முதல் ரஷ்யாவும் பெலாரஸும் விலக்கப்பட்டிருக்கின்றன. எனவே ஒவ்வோர் ஆண்டும் எதிரணிகளின் தரம் வேறு, சொந்த அணியின் நெரிசலும் வேறு. ஒரு பையனின் 2013ஐ இன்னொருவரின் 2023ஓடு நேரடியாக ஒப்பிட முடியாததற்கு இதுவே முதல் காரணம்.

புள்ளிப் பட்டியல் சொல்வது

ரசிகர் முதலில் பார்ப்பது புள்ளிகளை. கோல் அடித்தால் ஒன்று, கோலுக்குப் பந்து கொடுத்தால் ஒன்று. 'பந்து' என்று பழக்கத்தில் சொன்னாலும் அது பக் என்ற ரப்பர் வட்டு. ஒரே போட்டியில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஸ்வீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க்: 1993இல் ஏழு ஆட்டங்களில் 31. இன்றுவரை யாரும் எட்டாத எண் அது. ஆனால் அதில் பத்துப் புள்ளிகள் ஜப்பானை 20–1 என்று வென்ற ஒரே ஆட்டத்தில் வந்தவை. ரஷ்யாவின் யெவ்கேனி குஸ்நெட்சோவ் 2012இல் 13 புள்ளிகளோடு போட்டியின் சிறந்த ஆட்டக்காரரானார். ஒன்பது புள்ளிகள் லாட்வியாவுக்கு எதிரான 14–0 ஆட்டத்தில் கிடைத்தவை. கனடாவின் கானர் பெடார்ட் 2023இல் பதினேழு வயதில் 23 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் 13, ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் நொறுக்கிய இரண்டு ஆட்டங்களில்.

இதைக் கண்டுபிடித்தவுடன் கூர்மையான ரசிகர் உடனே எதிர்த்திசைக்குப் பாய்வார்: 'எல்லாம் இளைத்தவனை அடித்த கணக்கு.' அதுவும் அவசரம்தான். ஃபோர்ஸ்பெர்க் அவர் தலைமுறையின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானார். குஸ்நெட்சோவ் 2018இல் தன் வாஷிங்டன் கிளப் என்.எச்.எல். கோப்பையை வென்றபோது, 'பிளேஆஃப்' என்ற இறுதிக்கட்டச் சுற்றுகளில் எல்லோரையும்விட அதிகமாக 32 புள்ளிகள் எடுத்தார். பெடார்டின் ஊதிய புள்ளிகளைக் கழித்த பிறகும் மற்ற ஐந்து ஆட்டங்களில் பத்து மிஞ்சுகிறது. ஸ்லோவாக்கியாவுக்கு எதிரான காலிறுதியைக் கூடுதல் நேரத்தில் முடித்துவைத்த கோலும் அதில் அடக்கம். எளிய எதிரிமேல் குவித்த புள்ளி, ஆட்டக்காரர் நல்லவர் என்றோ போலி என்றோ நிறுவுவதில்லை. அந்தப் புள்ளிகளை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கோல் எண்ணிக்கையில் இன்னொரு வலை இருக்கிறது. உயர்மட்ட ஐஸ் ஹாக்கியில் வலையை நோக்கி அடிக்கும் பத்து அடிகளில் ஏறத்தாழ ஒன்று கோலாகிறது. ஒரு முன்கள ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு மூன்று அடி வீதம் ஏழு ஆட்டங்களில் 21 அடிகள் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக இரண்டு கோல் வர வேண்டும். ஆனால் நிகழ்தகவுக் கணக்குப்படி, அதே சராசரித் திறமை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு வெறும் அதிர்ஷ்டத்திலேயே நான்கோ அதற்கு மேலோ விழுந்துவிடும். அந்த ஏழில் ஒருவரைத்தான் தொலைக்காட்சி நட்சத்திரமாக்கும்.

2018இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த போட்டி இதற்கு நல்ல சோதனைக்களம். அப்போது செய்தியாளர்கள் தேர்ந்தெடுத்த சிறந்த அணியின் மூன்று முன்கள ஆட்டக்காரர்கள்: அமெரிக்காவின் கேசி மிட்டல்ஸ்டாட், கீஃபர் பெல்லோஸ், செக் நாட்டின் பிலிப் ஸடினா. பெல்லோஸ் ஒன்பது கோல் அடித்து அமெரிக்கச் சாதனையே படைத்தார். அவருக்கு என்.எச்.எல்.லில் நிலையான இடம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிராஃப்டில் ஆறாவதாக எடுக்கப்பட்ட ஸடினாவும் டெட்ராய்ட் கிளப்பும் 2023இல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். மிட்டல்ஸ்டாட் நிலைத்தார், ஆனால் நட்சத்திரமாக அல்ல. அதே அணியின் இரண்டு தடுப்பாட்டக்காரர்களோ ஸ்வீடனின் ராஸ்மஸ் டாலீனும் கனடாவின் கேல் மகாரும். டாலீன் அந்தப் போட்டியில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு கோல்களுக்கு உதவியிருந்தார். அவருடைய சறுக்கலையும் பக்கைத் தன் எல்லையிலிருந்து வெளியே கொண்டுவரும் நிதானத்தையும் வைத்தே அவரைக் கொண்டாடினார்கள். இன்று இருவரும் லீகின் முன்னணித் தடுப்பாட்டக்காரர்கள். ஆறு பேர் கொண்ட ஒரு பட்டியலை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் கோலை எண்ணிக் கொண்டாடியவர்கள் மங்கியதும், ஆடும் விதத்தைப் பார்த்துக் கொண்டாடியவர்கள் நிலைத்ததும் கவனிக்கத்தக்கவை.

கோல்கீப்பர்கள்: மிகப் பெரிய சறுக்கல்

புள்ளிப் பட்டியல் ஏமாற்றுமென்றால் கோல்கீப்பரின் தடுப்பு விகிதம் இன்னும் மோசமாக ஏமாற்றும். ஆறு ஆட்டங்களில் ஒருவர் 150 அடிகளைச் சந்திக்கிறார் என்று கொள்வோம். நூற்றுக்கு 92 தடுத்தால் அபாரம் என்பார்கள். 90 தடுத்தால் சுமார் என்பார்கள். 150 அடிகளில் இந்த வித்தியாசம் 12 கோலுக்கும் 15 கோலுக்கும் உள்ளது. மூன்றே கோல். சொந்த அணிக்காரரின் காலில் பட்டுத் திரும்பியது ஒன்று, பார்வையை மறைத்து அடித்தது ஒன்று, கோல்கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது ஒன்று என்றால் முடிந்தது கதை. மேலும் வலுவான அணியின் கோல்கீப்பரை நோக்கி வரும் அடிகள் குறைவு, எளிமையும்கூட.

இந்தக் கணக்கின் விலையை டொராண்டோ கிளப் கொடுத்தது. 2006 ஜனவரியில் வான்கூவரில் கனடா தங்கம் வென்றபோது கோல்கீப்பர் ஜஸ்டின் பாகி. ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரே கோல் விட்டார். மூன்று ஆட்டங்களில் ஒன்றுகூட விடவில்லை. அதே போட்டியின் சிறந்த கோல்கீப்பர் விருது பின்லாந்தின் டூக்கா ராஸ்குக்குப் போனது. இருவரும் டொராண்டோ எடுத்து வைத்திருந்தவர்கள். கனடாவின் தங்கப் பதக்கக்காரர்தான் எதிர்காலம் என்று ரசிகர்களில் பலர் நம்பினார்கள். கிளப்பும் அவரைத்தான் வைத்துக்கொண்டது. ஜூன் மாதம் ராஸ்கை பாஸ்டனுக்குக் கொடுத்து, முன்பு சிறந்த புதுமுக விருது பெற்றிருந்த ஆண்ட்ரூ ரேகிராஃப்டை வாங்கியது. பாகி என்.எச்.எல்.லில் ஆடியது மொத்தம் ஏழு ஆட்டங்கள். ராஸ்க் 2014இல் லீகின் சிறந்த கோல்கீப்பராகி, பாஸ்டன் வரலாற்றிலேயே அதிக வெற்றிகள் பெற்ற கோல்கீப்பரானார். பாகிக்கு அந்தப் பருவம் முழுவதுமே கனடிய இளையோர் லீகில் நன்றாகத்தான் போனது என்பதையும் சொல்ல வேண்டும். தவறு ஒரு வாரத்தால் மட்டும் வந்ததல்ல. ஆனால் அந்த வாரம் அதற்குப் பொன்முலாம் பூசியது.

மறுபக்கமும் உண்டு. 2007இல் சிறந்த ஆட்டக்காரரான கேரி பிரைஸ் பிறகு என்.எச்.எல்.லின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதையே வென்றார். இன்னொரு பக்கமும் உண்டு. அதே விருதை 2025இல் வென்ற கானர் ஹெலபக் உலக இளையோர் போட்டியில் ஆடியதே இல்லை. 2012 டிராஃப்டில் 130ஆவதாக எடுக்கப்பட்டவர். கொண்டாடப்பட்டவர்களில் வென்றவரும் வீழ்ந்தவரும் இருக்க, பார்வைக்கே வராதவரும் உச்சிக்குப் போயிருக்கிறார். கோல்கீப்பர் விஷயத்தில் இந்தப் போட்டியை வைத்து ஏதும் சொல்லாமல் இருப்பதே ரசிகருக்கு நல்லது.

கிடைத்த இடமும் பக்கத்தில் இருந்தவரும்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற நம்பிக்கையில்தான் ரசிகர் இந்த ஏழு ஆட்டங்களைப் பார்க்கிறார். பானை முழுக்க ஒரே சூடு பரவியிருந்தால்தான் அந்தப் பழமொழி செல்லும். ஐஸ் ஹாக்கி அணியில் யாருக்கு எவ்வளவு சூடு என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்கிறார். எந்த வரிசை, யாரோடு, எத்தனை நிமிடம், எதிரணியில் ஓர் ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் 'பவர்பிளே' நேரத்தில் இடம் உண்டா இல்லையா என்பவற்றில் ஆட்டக்காரருக்குச் சொல்லுரிமை இல்லை.

2013இல் ரஷ்யாவின் ஊஃபா நகரில் நேத்தன் மெக்கினன் ஆறு ஆட்டங்களில் ஒரே ஓர் உதவிப் புள்ளி எடுத்தார். அப்போது அவருக்கு வயது 17. அந்தப் பருவத்திலும் என்.எச்.எல். முடங்கியிருந்ததால் ஏற்கனவே அங்கே ஆடிய ரயன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ் போன்றவர்கள் கனடா அணியில் இருந்தார்கள். மெக்கினனுக்குக் கடைசி வரிசைதான் மிஞ்சியது. அதே போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் சேத் ஜோன்ஸ் அனைவர் கண்ணிலும் நிறைந்தார். அந்த ஆண்டு முதல் தேர்வு கொலராடோ கையில் இருந்தது. ஜோன்ஸ் வளர்ந்த ஊர் டென்வர். தடுப்பாட்டக்காரர் தேவை என்ற பேச்சும் இருந்தது. கிளப் மெக்கினனை எடுத்தது, ஜோன்ஸ் நான்காவதாகப் போனார். மெக்கினன் 2022இல் என்.எச்.எல். கோப்பையும் 2024இல் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதும் வென்றார்.

இந்தக் கதையை ரசிகர்கள் 'ஊஃபாவை நம்பாதே' என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆனால் அந்த மே மாதம் நடந்த மெமோரியல் கோப்பையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கனடிய இளையோர் கிளப்களுக்கான அந்தப் போட்டியின் இறுதியில் ஜோன்ஸின் போர்ட்லண்டுக்கு எதிராக மெக்கினன் மூன்று கோல் அடித்து, போட்டியின் சிறந்த ஆட்டக்காரரானார். பலர் மனம் மாறியது அதைப் பார்த்துத்தான். ஒரு குறுகிய போட்டியின் தீர்ப்பை இன்னொரு குறுகிய போட்டி திருத்தியது. விடை சரியாக வந்ததால் வழியும் சரி என்று ஆகிவிடாது. இரண்டுக்கும் இடையே மாறியது மெக்கினனின் திறமை அல்ல, அவருக்குக் கிடைத்த நிமிடங்கள்.

கானர் மெக்டேவிடும் பதினாறு வயதில், 2014இல் மால்மோவில், நான்கு புள்ளிகளோடு திரும்பினார். தேவையற்ற தண்டனைகளுக்காகப் பெஞ்சில் உட்கார்த்தப்பட்டார். அடுத்த ஆண்டு மான்ட்ரியாலிலும் டொராண்டோவிலும் நடந்த போட்டியில் 11 புள்ளிகள் எடுத்தார். அதே 11 புள்ளிகளை அதே அணியின் நிக் பீட்டனும் எடுத்தார். புள்ளிப் பட்டியலில் இருவரும் ஒரே வரியில் நிற்கிறார்கள். இன்று மெக்டேவிட் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரராகப் பேசப்படுபவர். பீட்டனின் வாழ்க்கை பெரும்பாலும் இரண்டாம் நிலை லீகில் கழிந்தது.

பக்கத்தில் யார் ஆடுகிறார் என்பதும் அதே அளவு முக்கியம். 2016இல் ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற பின்லாந்தின் பெயர்பெற்ற வரிசை யெஸ்ஸே புலியுயார்வி, செபாஸ்டியன் ஆஹோ, பட்ரிக் லைனே. புலியுயார்வி 17 வயதில் 17 புள்ளிகளோடு போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். லைனேயும் அவரும் அந்த ஜூனில் இரண்டாவதாகவும் நான்காவதாகவும் எடுக்கப்பட்டார்கள். நடுவில் நின்று இருவரையும் இணைத்த ஆஹோ முந்தைய ஆண்டே 35ஆவதாக எடுக்கப்பட்டிருந்தவர். ரசிகர் பேச்சில் மூன்றாவது பெயர். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் மூவரில் மிக உறுதியான வாழ்க்கை ஆஹோவுடையது. கரோலைனா அணி அவரை மையமாக வைத்தே கட்டப்பட்டது. புலியுயார்வி இடுப்புச் சிகிச்சைகளோடும் கிளப் மாற்றங்களோடும் போராடினார். அந்த வரிசையின் புள்ளிகள் மூவருக்கும் பொது. அவற்றை யார் உண்டாக்கினார், யார் முடித்துவைத்தார் என்று பிரித்துப் பார்த்திருந்தால் ஆஹோ அப்போதே தென்பட்டிருப்பார்.

பிறந்த மாதம், வளர்ந்த உடல்

இந்த வயதில் ஆறு மாதம்கூட எடைக்கல்லாகும். 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் கனடிய ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதைக் காட்டினார்கள். சிறுவர் அணிகளின் வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குவதால், ஜனவரிப் பையன் டிசம்பர்ப் பையனைவிட ஏறக்குறைய ஓராண்டு வளர்ந்தவனாக நிற்கிறான். நல்ல அணியும் நல்ல பயிற்சியும் அவனுக்குப் போகின்றன. 2013இல் ராபர்ட் டீனரும் உடனாய்வாளர்களும் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களை டிராஃப்டில் கிளப்கள் அவர்கள் தகுதியைவிடப் பின்னால் எடுக்கின்றன; எடுக்கப்பட்ட இடத்தை மிஞ்சி அவர்கள் சாதிக்கிறார்கள். சம்பளம் வாங்கும் வல்லுநர்களே உடல் வளர்ச்சியைத் திறமையோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்று பொருள்.

உலக இளையோர் போட்டியில் இந்தக் குழப்பம் பெருக்கெடுக்கும். 19 வயதுக்காரர் 17 வயதுக்காரரைக் களத்தின் ஓரப் பலகையோடு அழுத்திப் பக்கைப் பறித்தால் அது வலிமையின் கதை. இதிலிருந்து ரசிகர்கள் ஒரு சாய்வான விதியை வைத்துக்கொள்ளலாம். பதினேழு வயதில் ஒருவர் இங்கே ஈடுகொடுத்தால் அது சான்று. ஈடுகொடுக்காவிட்டால் எதற்கும் சான்றில்லை. பத்தொன்பது வயதில் ஒருவர் இங்கே கலக்கினால் எதிர்பார்த்ததுதான். திணறினால் மட்டும் யோசிக்க வேண்டும். புலியுயார்வியை வைத்துப் பார்த்தால் இந்த விதியும் தோற்கிறது. தோற்கும் இடத்தைத் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டிய விதி இது.

கேமரா காட்டாதவை

தொலைக்காட்சி பக்கின் பின்னால் ஓடுகிறது. ஓர் ஆட்டக்காரரின் இருபது நிமிடத்தில் பக் அவரிடம் இருப்பது மொத்தமாகச் சேர்த்தாலும் சொற்பம். மிச்ச நேரத்தில் அவர் எங்கே நிற்கிறார், தன் வலைப்பக்கம் திரும்பி வருகிறாரா, பக் வருவதற்கு முன்பே தோளைத் திருப்பிப் பின்னால் யார் என்று பார்க்கிறாரா என்பதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே நடக்கிறது. கிளப்களுக்காக ஆள் பார்க்கும் ஸ்கவுட்கள் அரங்கின் மேல் வரிசையில் உட்கார்வதன் காரணம் இது. அவர்கள் ஒரு பையனை இந்த ஏழு ஆட்டங்களில் மட்டும் பார்ப்பதில்லை. கோடையில் நடக்கும் ஹிலிங்கா கிரெட்ஸ்கி கோப்பை, பருவம் முழுக்க லீக் ஆட்டங்கள், ஏப்ரலில் 18 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டி என்று தொடர்ந்து பார்த்து, பயிற்சியாளர்களிடம் விசாரித்து, நேர்காணலும் செய்கிறார்கள். டிசம்பரில் அவர்கள் தேடுவது புதிய விடையை அல்ல. ஏற்கனவே எழுதிய குறிப்பு இந்த வேகத்திலும் நிற்கிறதா என்ற சரிபார்ப்பைத்தான்.

ரசிகருக்கு இவ்வளவு நேரம் இல்லை. ஆனாலும் நல்ல ரசிகர்கள் பழகிக்கொண்ட சில உத்திகள் பயனுள்ளவை. ஓர் ஆட்டத்தில் ஒருவரை மட்டும், பக் இல்லாத நேரத்திலும், பார்த்துக்கொண்டிருப்பது ஒன்று. எத்தனை நிமிடம் ஆடினார் என்பதைப் புள்ளியோடு சேர்த்தே படிப்பது இன்னொன்று. ஆடுகளத்தின் அளவை மறக்காதிருப்பதும் வேண்டும். ஐரோப்பாவில் வழக்கமாக இருந்த 30 மீட்டர் அகலக் களத்தில் கிடைத்த இடைவெளி, என்.எச்.எல்.லின் 26 மீட்டர் களத்தில் கிடைக்காது. ஐரோப்பாவில் பெரியவர்களின் லீகில் ஆடிப் பழகிய பையனுக்கும் சிறுவர் லீகிலிருந்து வந்தவருக்கும் தொடக்கப் புள்ளியே வேறு. லீகுக்கு லீக் புள்ளிகளை மாற்றிக் கணக்கிடும் முறையைக் காப்ரியேல் டெஜார்டின்ஸ் போன்ற ஆர்வலர்கள்தாம் முதலில் பரப்பினார்கள். ரசிகர் கூட்டத்திலிருந்து முளைத்து கிளப் அலுவலகங்களுக்குள் போன அறிவு அது.

இவற்றையெல்லாம் தொகுத்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு கவனிப்பு நம்பத்தக்கதா என்று அறிய, 'பயிற்சியாளர் இவருக்கு ஆறு நிமிடம் மட்டுமே கொடுத்திருந்தாலும் இது தெரிந்திருக்குமா?' என்று கேட்டுப் பார்க்கலாம். சறுக்கும் வேகம், திரும்பும் லாகவம், அழுத்தத்தில் பக்கை வாங்கும் கை, முடிவெடுக்கும் விரைவு ஆகியவை தெரிந்திருக்கும். கோலும் புள்ளியும் வெற்றியும் பதக்கமும் தெரிந்திருக்காது. கேல் மகார் 2018இல் ஏழாவது தடுப்பாட்டக்காரராக, பெரும்பாலும் பவர்பிளேக்கு மட்டும் இறக்கப்பட்டார். அந்தச் சிறிய வாய்ப்பிலும் அவர் சறுக்கல் எவரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. 2022இலும் 2025இலும் என்.எச்.எல்.லின் சிறந்த தடுப்பாட்டக்காரராக அவர் தேர்வானபோது அதே சறுக்கல்தான் காரணம்.

பாசம் தரும் பிழை, பையன் தரும் விலை

ரசிகரின் கண்ணுக்கு இன்னொரு திரை உண்டு: சொந்தம். தன் கிளப் எடுத்த பையனைத் தேடிப் பார்ப்பதால் அவன் செய்யும் நல்லது எல்லாம் கண்ணில் படும். அதே நல்லதை வேறு எட்டுப் பேர் செய்தது படாது. மிட்டல்ஸ்டாட் 2018இல் கலக்கிய நகரமும் அவரை எடுத்த கிளப்பின் நகரமும் ஒன்றே, பஃபலோ. தொடர் தோல்விகளில் சலித்திருந்த ஊர் அவரில் மீட்பரைக் கண்டது. நடுத்தரமாக நன்றாக ஆடும் ஒருவர் அந்த எதிர்பார்ப்பின் முன் ஏமாற்றமாகவே தெரிந்தார். 2024இல் கொலராடோவுக்கு மாற்றப்பட்டார்.

கனடிய ரசிகர்களின் பாசம் இதைவிடக் கடுமையானது. 2018 டிசம்பர் 26 அன்று வான்கூவரில் டென்மார்க்கை 14–0 என்று வென்ற ஆட்டத்தில் கேப்டன் மாக்சிம் காம்த்வா நான்கு கோல் அடித்தார், நாடே கொண்டாடியது. ஒரு வாரத்தில் காலிறுதியின் கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டி அடியை அவர் தவறவிட்டார், பின்லாந்து வென்றது. சமூக ஊடகத்தில் அவர்மேல் கொட்டப்பட்ட வசைகளைக் கண்டித்து அணித் தோழர்கள் பேச வேண்டியிருந்தது. தோள்மூட்டுக் காயத்தோடு அவர் ஆடியது பிறகே தெரியவந்தது. டென்மார்க்குக்கு எதிரான நான்கு கோலும் சரி, அந்த ஒற்றை அடியும் சரி, அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பது பற்றி அதிகம் சொல்லவில்லை. இரண்டையும் வைத்துத் தீர்ப்பு எழுதப்பட்டது. அதைப் படித்தவருக்கு வயது பத்தொன்பது.

முடிவாக

உலக இளையோர் போட்டியைப் பார்த்து ஆளை எடைபோடுவது வீண்வேலை என்று இந்த வரலாறு சொல்லவில்லை. ஃபோர்ஸ்பெர்கையும் பெடார்டையும் மகாரையும் டாலீனையும் ரசிகர்கள் இங்கே சரியாகவே அடையாளம் கண்டார்கள். தவறியபோதும் அவர்கள் கண் தவறவில்லை. பாகி அந்த வாரம் நன்றாகத் தடுத்தார், பெல்லோஸ் ஒன்பது கோல் அடித்தார், மெக்கினன் ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் உண்மையாக நடந்தவை. நடந்ததில் அணியின் பங்கு எவ்வளவு, பயிற்சியாளரின் பங்கு எவ்வளவு, எதிரியின் பங்கு எவ்வளவு என்று கழிக்காமல் மொத்தத்தையும் பையன் பெயரில் வரவு வைத்ததில்தான் கணக்கு பிழைத்தது.

ஸ்கவுட்களும் இதே பிழைகளைச் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. டிராஃப்ட் நாளில் கிளப்பின் முறை வந்ததும், தெரிந்தது போதும் போதாது என்று பாராமல், ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். 2006இல் டொராண்டோ இரண்டு கோல்கீப்பர்களில் ஒருவரைக் கைவிட முடிவெடுத்தபோது அதற்கு மேலும் காத்திருக்கத் தன்னால் முடியாது என்று நினைத்தது. ரசிகருக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை. அவர் இரண்டு ஆண்டு பொறுத்தும் சொல்லலாம், 'சறுக்கல் பிடித்திருந்தது, மற்றபடி தெரியாது' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம். கிளப்களிடம் இருக்கும் காணொளித் தொகுப்பும் பயணச் செலவும் தரவுத் துறையும் ரசிகரிடம் இல்லை. கிளப்களுக்கு இல்லாத அவகாசம் மட்டும் அவரிடம் நிறைய இருக்கிறது. ஜனவரி முதல் வாரத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடும் ரசிகர் தன்னிடம் இருக்கும் அந்த ஒரே வசதியையும் வீணாக்குகிறார்.